அட்சதை விழுந்தால் படம் நிற்கும்

எங்கள் போட்டோ, வீடியோ தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழாவில் என்னை மேடையேறிப் பேசச் சொன்னார்கள். பேச வராது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். தெலுங்கு எனக்கு நன்றாகப் பேச வரும், எழுத வராது. கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். தமிழில் எழுதினால் விழா மலரில் போடுவீர்களா என்று கேட்டேன். நகரி, புத்தூர், சித்தூர் ஆட்களில் பாதிப் பேர் தமிழில் படிப்பவர்கள்தானே, எழுதுங்கள் என்றார்கள்.

இத்தனை வருட வேலையில் நான் மைக்கில் பேசியது ஒரே ஒரு முறை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது விளங்க வேண்டுமானால், எங்கள் கடையில் வேலை எப்படி நடந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகித் திருச்சானூருக்கு வந்தபோது என் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். திருப்பதியில் ஒரு வீடியோ கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறது என்று அவர்தான் கேட்டு வந்தார். யாரிடமும் பேசத் தேவையில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றதும் ஒப்புக்கொண்டேன். அப்போது கேமராவில் கேசட் போட்டுத்தான் எடுப்பார்கள். மூன்று மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். அது ஓடும்போது எழுந்து போகக் கூடாது. அப்படியே பார்த்துப் பார்த்து வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டேன். எத்தனையோ கல்யாணங்களை முழுதாகப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் போனதில்லை.

கடை முனிரத்தினம் சாருடையது. சித்தூர்க்காரர். தினமும் காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்பிப் போவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு கல்யாணத்தை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றிவிட்டு "காப்பி ஆயிடுச்சி சார்" என்று யாராவது சொன்னால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார்.

"கடைசி நிமிஷத்தப் போடும்மா."

அவ்வளவுதான். அவர் சொல்வது இதுதான்: பாதியில் நின்றுபோன ஃபைல்கூட ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடும். பிள்ளையார் படம் வரும், பேர் வரும், பாட்டு வரும். நாமும் சரியாக இருக்கிறது என்று மூடிவிடுவோம். கடைசி நிமிஷம் ஓடினால்தான் முழுதாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் அசலின் அளவையும் காப்பியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி எண் வரை படித்துக் காட்டச் சொல்வார். ஒரு எண் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து.

கேசட் போய்க் கேமராவில் கார்டு வந்ததும், அதை அழிப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அழிப்பவர் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "திருப்பதியில இருக்குது. சித்தூர்ல இருக்குது." இரண்டையும் சொல்ல முடிந்தால்தான் பட்டனை அழுத்தலாம். சித்தூரில் என்றால் அவர் வீட்டு பீரோவில். ஒரே கடையில் இரண்டு டிஸ்க்கில் வைத்தால் அது ஒரு காப்பிதான், கடைக்கு ஏதாவது ஆனால் இரண்டும் சேர்ந்துதான் போகும் என்பார். அதனால் சனிக்கிழமைதோறும் ஒரு ஹார்ட் டிஸ்க் சித்தூருக்குப் போகும். சார் ஊரில் இல்லாத வாரங்களில் நான் கொண்டுபோவேன். துண்டில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்து, மடியை விட்டு இறக்காமல் போவேன். மற்ற கடைக்காரர்கள் எங்களை "டிஸ்க்குக்கு டிக்கெட் எடுக்கற ஸ்டுடியோ" என்று கிண்டல் செய்வார்கள்.

ஒரு வருடம் பெரிய மழை பெய்து தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்தது. கடைக்குள் புகுந்து கம்ப்யூட்டர், டிஸ்க் வைத்த அலமாரி எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. அந்த வாரம் வெளியூர் போயிருந்த சார் தண்ணீர் வடிந்த பிறகு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே என்ன போயிற்று என்று அவர் பார்க்கவே இல்லை.

"சனிக்கிழம டிஸ்க் சித்தூருக்குப் போயிடுச்சா?"

"போயிடுச்சி சார்."

"அப்ப வா, மொதல்ல காப்பி குடிச்சிட்டு வரலாம்."

அந்த முகூர்த்த மாதத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தைக்கூட நாங்கள் இழக்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கிண்டலும் நின்றது.

இனி அட்சதை விஷயத்துக்கு வருகிறேன். டிவிடி போட்டுக் கொடுத்த காலத்திலேயே ஒன்றைக் கவனித்திருந்தேன். கல்யாணம் முழுக்கப் படம் பளிச்சென்று இருக்கும். தாலி கட்டும் இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாக உடையும். பெண்ணின் முகம் தாயக்கட்டம் மாதிரி ஆகிவிடும். சாரிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றைக்கும் போதுமானதாக இருக்கிறது.

"தெனமும் ஊருக்கு போன் பண்றியே, செவுரு இருக்குது, கூரை இருக்குது, வேப்பமரம் இருக்குதுன்னா சொல்லுவாங்க? நேத்துலருந்து எது மாறிச்சோ அத மட்டுந்தான சொல்லுவாங்க. வீடியோவும் அப்பிடித்தான். மொதல்ல ஒரு படத்த முழுசா எழுதிக்கும். அப்புறம் மாறினத மட்டும் எழுதிக்கினே போவும். அதான் அவ்ளோ பெரிய கல்யாணம் இத்துனூண்டு ஃபைல்ல அடங்குது."

அட்சதை போடும்போது என்ன ஆகிறது? மண்டபம் முழுக்க அரிசி பறக்கிறது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு நொடியும் இடம் மாறுகிறது. மாறாத இடம் என்று ஒரு விரற்கடைகூட இல்லை. எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றால் ஃபைல் வீங்கும். வீங்கக் கூடாது என்று நாம் கட்டிப்போட்டால் படம் உடையும். டிவிடியில் இதற்கு வழி இருந்தது. ஒரு முறை முழுக்க ஓட்டிப் பார்த்து, சும்மா உட்கார்ந்திருக்கிற இடங்களில் மிச்சம் பிடித்து, அட்சதை இடத்துக்கு அதிகம் கொடுத்துவிடுவேன். திரும்பிப் போய்ச் சரிசெய்ய நேரம் இருந்தது.

லைவ் வந்த பிறகு அந்த நேரம் போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் பார்ப்பதற்காக மண்டபத்திலிருந்தே அனுப்ப ஆரம்பித்தோம். நானும் கடையை விட்டு மண்டபத்துக்குப் போக வேண்டியதாயிற்று. மேடைக்கு எதிரே ஒரு மேசை, அதில் ஒரு லேப்டாப். மண்டபத்து மைக் சத்தமும் அந்த மேசை வழியாகத்தான் போகும். சார் மேடையில் கேமராவோடு நிற்பார். இருவரும் காதில் ஹெட்போன் மாட்டிப் பேசிக்கொள்வோம். தாலி கட்டும் நேரத்தில் படம் சில சமயம் நின்றுபோகும். எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள், டவர் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் தேசம்மா கடைக்கு வந்தார். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். கணவர் ஏகாம்பரம் குவைத்தில் டிரைவர். சின்ன மகள் பவித்ராவுக்குத் திருச்சானூரில் கல்யாணம். ஏகாம்பரத்துக்கு லீவு கிடைக்கவில்லை. லைவ் வேண்டும் என்று கேட்டார். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்டார்.

"உங்களுது நிக்குமா?"

சார் புரியாமல் பார்த்தார்.

"எங்க பெரியவ கல்யாணத்துக்கும் அவரால வர முடியல. வேற ஒரு கடைக்காரங்க லைவ் போட்டாங்க. கெட்டிமேளம் கொட்டற வரைக்கும் நல்லா தெரிஞ்சிதாம். அப்புறம் அய்யரு கையத் தூக்கினு நிக்கறாரு, நிக்கறாரு, நின்னுக்கினே இருக்காரு. மறுபடி படம் வந்தப்போ அவ கழுத்துல தாலி இருக்குது. பெத்தவரு பாக்கவே இல்ல."

முழுப் பதிவையும் பென் டிரைவில் கொடுப்பார்களே என்றார் சார்.

"குடுத்தாங்க. அனுப்பியும் வெச்சேன். இன்னி வரைக்கும் அவரு அதப் போட்டுப் பாக்கல சார். முடிஞ்சிபோனது எனக்கெதுக்குன்றாரு. எங்களுக்கு இருக்கறது ரெண்டு பொண்ணு. இத வுட்டா வேற இல்ல."

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எங்களுதும் நிக்குதும்மா. அந்த நேரத்துல எல்லாருதும் நிக்குது. எதனாலன்னு கண்டுபுடிச்சிட்டு உங்களுக்கு போன் பண்றேன். முடியலன்னா முடியலன்னே சொல்லிடறேன்" என்றார்.

தேசம்மா படி இறங்கியதும் நான் சொன்னேன், "சார், டிவிடியில ஒடையற எடமும் இதேதான்."

அவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு இருவரும் பழைய லைவ் பதிவுகளை வரிசையாகப் போட்டோம். கூட்டம் குறைவாக இருந்து, நாலு பேர் ஆளுக்கு ஒரு சிட்டிகை அட்சதை போட்ட கல்யாணங்கள் நிற்கவே இல்லை. மண்டபம் நிறைந்து, பின்வரிசையிலிருந்தும் வீசிய கல்யாணங்கள் எல்லாம் நின்றிருந்தன. டவரும் ஒரு காரணம்தான், ஆனால் டவரைத் திணற வைத்தது அரிசி.

அன்று மத்தியானமே சோதனை போட்டோம். சார் மஞ்சள் கலந்த அரிசி வாங்கி வரச் செய்தார். ஒரு நாற்காலியில் மணப்பெண்ணுக்குப் பதிலாகத் துணி சுற்றிய குடத்தை வைத்தோம். கேமராவுக்கு முன்னால் நானும் சாரும் இரண்டு கையாலும் அரிசியை வாரி வீசினோம். என் கணவர் தெருவில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து தன் பழைய போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"நின்னுடுச்சி!"

சார் ஏதாவது மாற்றுவார். மறுபடி வீசுவோம்.

"நிக்கல, ஆனா கொடம் எங்க இருக்குதுன்னே தெரியல!"

டீ கொண்டுவந்த கடைக்காரர் தரையெல்லாம் மஞ்சள் அரிசியாகக் கிடப்பதைப் பார்த்து, "யாருக்கு சார் கல்யாணம்?" என்றார். "கேமராவுக்கு" என்றார் சார், சிரிக்காமல்.

படத்தின் அளவைக் குறைத்தோம், வேகத்தைக் குறைத்தோம், கேமராவை நெருக்கமாக வைத்துப் பார்த்தோம். ஒன்று, படம் நின்றது. இல்லையென்றால், குடம் எது அரிசி எது என்று தெரியாமல் குழம்பியது. சாயங்காலம் சார் கையிலிருந்த அரிசியைத் தட்டிலேயே போட்டார்.

"கண்ணால பாத்த மாதிரி இருந்தாத்தான் பாத்ததுன்னு அர்த்தம். மெஷின்ல இதுக்கு வழி இல்ல. அரிசி விழாம இருந்தா வழி இருக்குது."

அவர் அதைத் தேசம்மாவுக்கு போனில் அப்படியே சொன்னார். மூன்று முடிச்சும் விழும்வரை யாரும் அட்சதை போடக் கூடாது, முடியுமா என்று கேட்டார். தேசம்மா ஒப்புக்கொண்டார். என் தம்பியை விட்டு மைக்கில் சொல்லச் சொல்கிறேன் என்றார்.

கல்யாணத்தன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஏகாம்பரம் தங்கியிருந்த இடத்தில் நெட் மெதுவாகத்தான் வரும். அவர் தன் போனில் லைவ் பார்ப்பது, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அறையில் கூட இருப்பவரின் போனிலிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவது என்று பேசி வைத்திருந்தோம். பார்க்கிற போனிலேயே பேசினால் படம் தடுமாறும். காலையிலிருந்து இரண்டு முறை போட்டிருந்தார். "நல்லா தெரியுதும்மா. பொடவ கலரு மொதக்கொண்டு தெரியுது."

முகூர்த்தம் நெருங்கியபோதுதான் நாங்கள் யோசிக்காத ஒன்று தெரிந்தது. அப்பா ஊரில் இல்லாததால் பெண்ணின் மாமா, அதாவது தேசம்மாவின் தம்பிதான், தாரை வார்க்க வேண்டும். மைக்கில் சொல்ல வேண்டிய அந்த மனிதர் மேடையில் பெண்ணின் கைக்குக் கீழே தன் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறார். அய்யர் மந்திரத்தில் இருக்கிறார். பெண்கள் தட்டில் அட்சதையை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆளாளுக்குக் கை நிறைய வாங்கிக்கொள்கிறார்கள்.

ஹெட்போனில் சார் குரல் வந்தது. "கலா, மைக் உன் பக்கத்துலதான் இருக்குது."

"சார், நீங்க சொல்லுங்க சார்."

"நான் கேமராவ வுட்டா யாரு புடிப்பாங்க?"

தவில்காரர் குச்சியை எடுத்துவிட்டார். லேப்டாப்பில் பவித்ராவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது உறைந்துபோகும், அங்கே ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தது. மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. பொண்ணோட நைனா குவைத்துலருந்து போன்ல பாத்துக்கினு இருக்காரு. நீங்க அட்சத போட்டா அவருக்குப் படம் நின்னுடும். பெரிய பொண்ணு கல்யாணத்துல அப்பிடித்தான் நின்னுபோச்சி, அவரு தாலி கட்டறத பாக்கல. இப்ப எல்லாரும் அட்சதய கையிலயே மூடி வெச்சிக்கங்க. நான் சொல்றேன், அப்ப போடுங்க."

என் குரல் நாலு பக்க ஸ்பீக்கரிலும் கேட்டது. அது என் குரல் மாதிரியே இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மா கையை மூடினார். பக்கத்தில் இருந்தவர் மூடினார். பின்னால் சரியாகக் கேட்காதவர்களுக்கு மற்றவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டார். அவர் அக்கா குனிந்து மற்ற இரண்டையும் போட்டார். இத்தனை கல்யாணம் பார்த்த நான், ஒரு அரிசிகூடப் பறக்காமல் தாலி ஏறியதை அன்றுதான் பார்த்தேன். எல்லாக் கையும் மூடியபடி நெஞ்சுக்கு நேரே இருந்தது.

மூன்றாவது முடிச்சு விழுந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லவில்லை.

லைவ் என்று பேர்தானே தவிர, இங்கே நடப்பது அங்கே அப்போதே போய்ச் சேருவதில்லை. படத்தைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்புகிறோம். அது எங்கெங்கோ போய், அவர் போனில் கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் ஓடும். மெதுவான நெட் என்றால் இன்னும் தாமதம். இப்போது அட்சதை பறந்தால் அந்தத் துண்டிலேயே கடைசி முடிச்சும் மாட்டிக்கொள்ளும்.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பொறுமை போனது. முதலிலிருந்தே இது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"கட்டியாச்சேம்மா. கட்டின பொண்ண அட்சத போடாம எம்மா நேரம் குந்த வெப்பீங்க? இன்னும் இன்னா?"

மைக்கைக் கீழே வைக்க மறந்திருந்தேன். அதிலேயே பதில் சொல்லிவிட்டேன்.

"நமக்குக் கட்டியாச்சி பெரியப்பா. அவருக்கு இன்னும் ரெண்டு முடிச்சி பாக்கி."

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிய தன் கையைப் பார்த்துக்கொண்டார். தவில்காரரைப் பார்த்து, "நீ நிறுத்தாதப்பா, வாசி" என்றார்.

அவர் வாசித்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டச் சொட்ட வாசித்தார். பவித்ரா தலைகுனிந்தே இருந்தாள். தேசம்மா மேடையிலிருந்து என் கையில் இருந்த போனையே பார்த்தார்.

போன் அதிர்ந்தது. காதில் வைத்தேன். முதலில் கேட்டது எங்கள் கெட்டிமேளம்தான். குவைத்துக்குப் போய், அவர் போனில் ஒலித்து, அங்கிருந்து திரும்பி வந்த கெட்டிமேளம். அதற்கு மேல் ஏகாம்பரத்தின் குரல், உடைந்து உடைந்து:

"பாத்துட்டேம்மா. மூணும் பாத்துட்டேன். போடச் சொல்லு."

மைக்கில் சொன்னேன். "நைனா பாத்துட்டாராம். போடுங்க."

அப்படி ஒரு அட்சதையை நான் எந்தப் பதிவிலும் பார்த்ததில்லை. அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததை எல்லாரும் ஒன்றாக வீசினார்கள். பெரியப்பா தட்டில் மிச்சமிருந்ததையும் சேர்த்துக் கொட்டினார். மேசை, லேப்டாப், என் மடி எல்லாம் மஞ்சள். படம் நின்றுவிட்டது. எதிர்பார்த்த மாதிரியே நின்றுவிட்டது. அன்றைக்கு அது நின்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

திரும்பும்போது ஆட்டோவில் என் கணவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "வீட்டுல கொழம்புக்கு உப்பு பத்தலன்னாகூட வாயத் தொறந்து சொல்ல மாட்ட. இன்னிக்கி ஒரு மண்டபத்தையே கட்டிப்போட்டுட்ட" என்றார்.

மறுநாள் ஏகாம்பரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். லைவ் நின்றபோது அவர் போனில் இருந்ததை அப்படியே பிடித்து அனுப்பியது. பவித்ரா நிமிர்ந்திருக்கிறாள். கழுத்தில் தாலி தெரிகிறது. சுற்றிலும் அரிசி பாதி விழுந்தும் பாதி விழாமலும் கட்டம் கட்டமாக உடைந்து மிதக்கிறது. தொழில் தெரிந்தவன் பார்த்தால் அழித்துவிடு என்பான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்லிக் கூட இருந்தவர் சொன்னாராம், இவர்தான் வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

சாரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். இதை அந்தக் கல்யாணத்து ஃபைலோடு சேர்த்து வை என்றார். வைத்தேன். கழுத்து வலி வந்து நான் வேலையை விட்டு நின்ற பிறகும் அது அங்கேதான் இருக்கிறது. திருப்பதியில் இருக்கிறது. சித்தூரில் இருக்கிறது.